மறுமொழி: கண்ணாடியைச் சக்கரத்தில் செதுக்குவதற்கு என்ன சொல்?

தண்டையார்பேட்டை ஆசிரியை:
வணக்கம். எட்டாம் வகுப்பு ஓவிய மன்றத்துக்கு அலிசன் கின்னேர்ட் பற்றி ஒரு பக்கம் எழுதுகிறேன், நாளைக் காலை ஜெராக்ஸுக்குப் போயாக வேண்டும். 1949-இல் எடின்பரோவில் பிறந்தவர், கண்ணாடியில் மனித உருவம் செதுக்குகிறார், ஸ்காட்லாந்து ஹார்ப் என்னும் நரம்புக் கருவியும் வாசிப்பார், கலைக்கும் இசைக்கும் சேர்த்து 1997-இல் எம்.பி.இ. என்னும் பிரிட்டிஷ் அரசப் பட்டம். இதுவரை சரி. செய்முறையில்தான் மாட்டிக்கொண்டேன். சுழலும் சின்னச் செம்புச் சக்கரத்தின் விளிம்பில் எண்ணெயில் குழைத்த குருந்தத் தூளை (கடினமான கல்லின் பொடி) தடவி, கண்ணாடியைத்தான் சக்கரத்திடம் கொண்டுபோகிறார்கள். பின்பக்கம் குழியாகக் குடைந்தது முன்பக்கம் புடைத்துத் தெரியும். வெறும் 'செதுக்கல்' என்றால் பிள்ளைகள் உளியோடு மாமல்லபுரம் போய்விடுவார்கள்.

பெரம்பூர்:
முதலில் 'கண்ணாடி'யே தவறு. கண், ஆடி; அது முகம் பார்ப்பது. ஒளி ஊடுருவுவது பளிங்கு. குறள் 706 பாருங்கள், மணிமேகலை ஒளிந்ததும் பளிக்கறையில்தான். 'பளிங்குத் தீட்டு' என்க.

ராயபுரம், கண்ணாடிக் கடை:
ஐயா, பளிங்கு கேட்டு வருகிறவரை நாங்கள் மார்பிள் கடைக்கு அனுப்புகிறோம். 'தீட்டு' என்று எட்டாம் வகுப்புப் பலகையில் எழுதினால் அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான். டீச்சர், சக்கரம் இருந்த இடத்தில் சுற்றுகிறது, பொருளைக் கையில் பிடித்துக் காட்டுகிறோம் என்றால் அது சாணை. தெருவில் கத்திக்குப் பிடிக்கிறார்களே, அதேதான். 'சாணைச் செதுக்கு'.

பெரம்பூர்:
சாணை வடசொல்.

வியாசர்பாடி:
சாய்த்துப் பிடிப்பதால் சாணை என்பது என் கணிப்பு, சாய், சாயணை, சாணை. (அகராதி ஒப்பவில்லை, ஒப்பும்.) அப்புறம் ஹார்ப்பை யாழ் என்றே போடுங்கள்.

பெரம்பூர்:
வில்யாழுக்கு முன்தூண் ஏது? ஹார்ப்புக்கு உண்டே. போகட்டும். குருந்தம் நம் சொல், அதிலிருந்துதான் ஆங்கிலத்தில் 'கொரண்டம்' போயிற்று. தூளே தமிழாயிருக்க வடமொழிக் கல் எதற்கு? 'குருந்தச் செதுக்கு'.

ராயபுரம்:
குருந்த மரத்தில் செதுக்கியதா என்று கேட்பான்.

தண்டையார்பேட்டை ஆசிரியை:
மணி பதினொன்று ஆகிறது. 'சாணைச் செதுக்கு' போட்டுவிட்டேன், முதல் இடத்தில் மட்டும் 'செம்புச் சக்கரத்தால்' என்று சேர்த்து. பின்பக்கக் குடைவுக்குக் 'குழிசெதுக்கு'. ஹார்ப், ஹார்ப்பாகவே இருக்கிறது.

வியாசர்பாடி:
சரி, எனக்குச் சம்மதம். யாழ் பற்றித் தனி இழையில் எழுதுகிறேன்.

பெரம்பூர்:
குழிசெதுக்கில் குறையில்லை. மற்றதற்கு என் மறுப்பு இருக்கிறது. அடுத்த ஆண்டு பக்கத்தைத் திருத்தும்போது பார்க்கலாம்.