லித்தோ (கல் அச்சு) பட்டறையில் உங்களை இன்னும் விடாத ஒரு கணம்

ஈரக்கல்:
ஆறு வருடமாக உறுத்துகிறது. அப்போது நான் ஸ்பாஞ்சால் கல்லை ஈரப்படுத்தும் உதவியாள். ஓவியர் நான்கு நாள் குனிந்து உட்கார்ந்து கிரேயானால் வரைந்த பெரிய சாம்பல் கல். மேல் பாதி வெறும் வானம். அமிலமும் கோந்தும் கொடுத்து, டர்பன்டைனில் கழுவி, ஆசான் மை உருட்டத் தொடங்கினார். நான்காவது உருட்டலில் வானத்தின் ஓரத்தில் ஒரு கட்டைவிரல் எழும்பியது. ரேகை ரேகையாக, அத்தனை சுத்தமாக. வரைவதற்கு முன் அந்தக் கல்லைத் தேய்த்துத் தூக்கி வைத்தவன் நான். கல்லில் பிசுக்கு பட்ட இடத்தில்தான் மை ஒட்டும்; நான்கு நாளும் என் விரலின் பிசுக்கு கண்ணுக்குத் தெரியாமல் அங்கேயே இருந்திருக்கிறது. "யாருடையது இது?" என்றார் ஓவியர். நான் வாய் திறப்பதற்குள் ஆசான் "என்னுடையது" என்றார். நான் ஸ்பாஞ்சைப் பிழிந்துகொண்டே இருந்தேன். அதில் தண்ணீரே இல்லை.

நீலமை:
நான் அச்சிடுகிறவள் இல்லை, வரைகிறவர்கள் பக்கம். 25 பிரதியிலும் கையெழுத்துப் போட்டு முடித்த மறுநாள், மறந்துவிட்ட கண்ணாடியை எடுக்கப் போனேன். என் கல் தொட்டிமேல் கிடந்தது. அடுத்த படத்துக்காக அதைத் தேய்த்து அழிக்க, ஒரு பெண் கார்போரண்டம் என்ற உரசுபொடியைத் தூவி, லெவிகேட்டர் என்ற கனமான தேய்ப்பு வட்டைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். நான் வரைந்தது அம்மாவின் முகம். இடது கண் மட்டும் மிச்சமிருந்தது. என்னைப் பார்த்ததும், "நிறுத்தட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அடுத்த வாரம் அந்தக் கல்லில் வேறொருவர் குதிரை வரைந்துகொண்டிருந்தார்.

பழைய ரோலர்:
ஈரக்கல், உங்கள் ஆசான் பெருந்தன்மையானவர், சரி. ஆனால் தேய்த்து முடித்த கல்லின் முகத்தில் விரல் படும்படி தூக்கக் கற்றுக்கொடுத்தது யார்? கல்லை விளிம்புக்குக் கீழே பிடிக்க வேண்டும். ஓரங்களில் முன்னதாகவே கோந்து பூச வேண்டும். வரைபவர் கைக்கு அடியில் மரப்பாலம் வைக்க வேண்டும். ரேகை எழும்பிய பிறகும் வழி உண்டு: கூரான கத்தியால் மெல்லச் சுரண்டி, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி அமிலக் கோந்து தொட்டால் போதும். வெறும் வானம்தானே, தடம் தெரியாது. இன்னொன்று, பிரஸ்ஸில் ஏற்றும் முன் நான்கு மூலையிலும் தடிமனை அளந்து பாருங்கள். நேரான இரும்புப் பட்டையைக் கல்மீது நிறுத்தி, அதனடியில் மெல்லிய காகிதத் துண்டுகளை வைத்து இழுங்கள். லேசாக உருவி வந்தால் அங்கே பள்ளம். மெலிந்த கல்லுக்கு அடியில் இன்னொரு பலகைக் கல்லை ஒட்டுங்கள். இதையெல்லாம் நான் பார்க்காத ஒரே நாளில் 11ஆவது பிரதியோடு கல் இரண்டாகப் பிளந்தது. என் கதை அவ்வளவுதான். அமெரிக்க ஓவியர் ரௌஷன்பெர்க் 1963இல் உடைந்த கல்லையே அச்சிட்டு 'ஆக்சிடென்ட்' என்று பெயர் வைத்தார், லூப்லியானா நகரின் சர்வதேச அச்சுக்கலைக் கண்காட்சியில் பெரும்பரிசும் வாங்கினார். எங்கள் ஓவியர் ரௌஷன்பெர்க் இல்லை.

கோந்துச்சட்டி:
கல்லை உடைத்தவர்கள் எல்லோரும் தவறாமல் அவரை இழுக்கிறீர்கள். அவருக்கு முதல் கல் உடைந்தது, மாற்றுக் கல்லும் உடைந்தது. அதன் பிறகுதான் விரிசலோடு அச்சிட்டார்கள். 'அச்சிட்டார்கள்' என்று வேண்டுமென்றே எழுதுகிறேன். அன்று பிரஸ்ஸில் நின்றவரின் பெயரைத் தேடாமல் சொல்லுங்கள் பார்ப்போம். அச்சிடுகிற நமக்குக் கிடைப்பது காகித மூலையில் மையில்லாமல் அழுத்திய ஒரு சிறு முத்திரை. ஒருமுறை, படத்துக்குச் சட்டம் போட்டவர் என் முத்திரையை மறைத்தே மாட்டியிருந்தார். திறப்பு விழாவில் அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தேன். சொல்ல நினைத்தது அதுதான்.

ஈரக்கல்:
பழைய ரோலர் அண்ணா, எப்படி அழிப்பது என்று நான் கேட்கவில்லை. நீங்கள் சொன்னபடியேதான் அழித்தோம். ஆனால் அதற்கு முன் ஆசான் ஒரே ஒரு புரூஃப் (சோதனைப் பிரதி) எடுத்து, பின்புறம் பென்சிலில் தேதி எழுதி என்னிடம் கொடுத்தார். இன்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆசானின் கட்டைவிரல் என்னுடையதைப்போல் ஒன்றரை மடங்கு அகலம். ஓவியர் ஒரு வாரம் முழுக்க எங்கள் இருவர் கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தவர்.