அம்மாவின் தூக்கமின்மை: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வயது 61. ரெண்டு வருஷமாகச் சரியான தூக்கம் இல்லை. ராத்திரி மூணு மணிக்கு எழுந்து பார்த்தால், அடுப்படியில் தரையில் உட்கார்ந்து மறுநாள் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். "கண்ணை மூடித்தான் கிடந்தேன், தூங்கின மாதிரியே இல்லடா" என்பார்.

எம்.ஆர்.ஐ. எடுத்தோம். "எல்லாம் நார்மல், மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க" என்று அனுப்பிவிட்டார்கள். தான் பொய் சொல்வதாக நினைக்கிறார்களே என்று அம்மாவுக்கு ரொம்ப வருத்தம்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் எரிக் நோஃப்சிங்கர் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், தூக்கமின்மை உள்ள 7 பேரையும் நன்றாகத் தூங்கும் 20 பேரையும், மூளையின் எந்தப் பகுதி எவ்வளவு குளுக்கோஸ் செலவழித்து வேலை செய்கிறது என்று காட்டும் பெட் (PET) ஸ்கேனில் ஒப்பிட்டிருக்கிறார்கள். நம்மை விழிப்போடு வைத்திருக்கும் மூளைப் பகுதிகள், தூங்கும்போது மற்றவர்களுக்குத் தணிகிற அளவுக்கு இவர்களுக்குத் தணியவில்லை. அம்மா சொன்னதும் அதுதானே! சாதாரண எம்.ஆர்.ஐ. மூளையின் அமைப்பைத்தான் காட்டும். எந்தப் பகுதி எவ்வளவு குளுக்கோஸ் செலவழிக்கிறது என்பது அதில் தெரியாது. 7 பேர் ரொம்பக் குறைவு என்பதும் புரிகிறது. அதனால் அம்மாவுக்கு பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்லி யாரிடமும் கேட்கப் போவதில்லை.

நரம்பியல் துறையில் இருப்பவர்கள் யாராவது இதை அம்மாவுக்குப் புரிகிற மாதிரி நாலு வரி எழுதித் தருவீர்களா? வாசித்துக் காட்டுகிறேன். இன்னொன்று: மாத்திரைக்கு முன்னால் சி.பி.டி.-ஐ (CBT-I) என்கிற, தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றும் பேச்சு சிகிச்சையைத்தான் முயல வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இலேயே சொல்லியிருக்கிறது. அதைத் தமிழில் பேசிச் செய்கிற உளவியலாளர் மதுரைப் பக்கம் யாராவது இருக்கிறார்களா? ஆன்லைன் என்றாலும் சரி. உள்பெட்டியில் சொன்னால் போதும்.