எதிர்த்தீவுக்குப் படகு விடப் போகிறார்கள், ஆய்வுக்கு வருகிறவர்களிடம் என்ன கேட்பது?

வலசைக்காரன்:
வணக்கம். ஏர்வாடிப் பக்கம் ஒரு மீனவக் கிராமம் எங்களுடையது. தீவுப் பக்கம் கண்ணாடித்தரைப் படகு விடலாம், கரையில் தங்க நாலு கொட்டகையும் சாப்பாட்டுக் கடையும் போடலாம் என்று ஒரு திட்டம் பேசுகிறார்கள். சுற்றுச்சூழல் ஆய்வுக்கு அடுத்த மாதம் ஆட்கள் வருவார்கள், மூன்று நாளில் முடிந்துவிடும் என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னார்கள். நான் வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை. தடைக்காலம் 61 நாளும் விசைப்படகுக்குக் கூலிக்குப் போகிறவர்கள் வீட்டில் அடுப்பு எரிவதே கஷ்டம், என் வயதுப் பையன்கள் பாதிப் பேர் வளைகுடாவுக்குப் போய்விட்டார்கள், இங்கேயே படகு ஓட்டிச் சம்பாதிக்கலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? ஆனால் பாருக்கு, அதாவது கடலடிப் பவளப்பாறைக்கு, ஏதாவது ஆகிவிட்டால் அப்புறம் மீனும் இல்லை, பார்க்க வருகிறவனும் இல்லை. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கச்சான்காற்று:
தம்பி, முதலில் அந்த மூன்று நாளைக் கேளுங்கள். எந்த மாதத்து மூன்று நாள்? ஆனி ஆடியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும்போது நம் மன்னார் வளைகுடாப் பக்கம் கலங்கிக் கிடக்கும், வடக்கே பாக் நீரிணைப் பக்கம் தண்ணீர் குளம் மாதிரி நிற்கும், வாடை வந்தால் அப்படியே தலைகீழ். ஒரு காற்றில் பார்த்துவிட்டு எழுதினால் அது பாதிக் கடலைப் பற்றிய அறிக்கைதான். அதைவிட முக்கியம், சித்திரை வைகாசிச் சூடு. தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டி வாரக்கணக்கில் நின்றால் பவளம் வெளுக்க ஆரம்பிக்கும், 2010லும் 2016லும் இங்கே நிறைய வெளுத்தது. பள்ளி விடுமுறையும் அதே நேரம்தான், கூட்டமும் அப்போதுதான் வரும். பவளம் நோயாளி மாதிரிக் கிடக்கிற நாளில் அதன் மேல் நாளைக்கு இத்தனை படகு ஓடலாமா, நங்கூரம் போடாமல் கட்டி நிறுத்த மிதவை உண்டா, வெளுப்பு தெரிந்தால் சவாரியை நிறுத்த யாருக்கு அதிகாரம், இதெல்லாம் அறிக்கையில் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு இத்தனை ஆயிரம் பேர் வரலாம் என்று மொத்தமாக ஒரு எண் போட்டால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

சங்குகுளி:
கச்சான் அண்ணன் சொன்னது சரி. நான் கீழக்கரை. மன்னார் வளைகுடாவில் 21 தீவு என்று சொல்வோம், அதில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் தண்ணீருக்குள் போய்விட்டன. சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக் காளவாசலுக்கும் கட்டடத்துக்கும் வெட்டி எடுத்தார்கள், அலையைத் தடுக்க ஒன்றும் இல்லாமல் போய் மணல் கரைந்தது. எங்கள் தாத்தா வள்ளத்திலும் அந்தக் கல் ஏறியிருக்கிறது, அவருக்கு அது கூலி வேலை, அவ்வளவுதான் தெரியும். 1986லேயே தேசியப் பூங்கா ஆகிவிட்டது, ஆனாலும் 2001இல் பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்த பிறகும் அந்த வேலை உடனே நிற்கவில்லை. இன்னொன்று, குருசடைத் தீவு. வேலை கொடுக்கும் என்று வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து மண்டபம் பக்கம் வளர்த்த கப்பாஃபைகஸ் பாசி, அந்தத் தீவின் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடியதை 2008இல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். நல்லதுக்குத்தான் கொண்டுவந்தார்கள். அதனால்தான் பயமாக இருக்கிறது.

பாசிக்காரி:
சங்குகுளி காக்கா, அந்தப் பாசியை நானும் மிதவை கட்டி வளர்த்தவள்தான், அதில்தான் மூத்தவளைப் படிக்க வைத்தேன். எங்களிடம் கொடுத்தவர்கள் அது பவளத்துக்குப் போகுமா என்று முன்னாடியே பார்த்திருக்க வேண்டும். தம்பி, உங்கள் ஊர்ப் பெண்களிடம் கேட்டீர்களா? கூட்டத்தில் ஆம்பளைகள்தான் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு முங்கி மரிக்கொழுந்து பாசி எடுக்கிறோம், மாதத்துக்கு 12 நாள்தான் எடுப்பது, சுரண்டுகிற இரும்புக் கொறண்டி எடுக்கக் கூடாது என்று நாங்களே பேசி வைத்த கட்டுப்பாடு. பூங்கா எல்லைக்குள் போகிறீர்கள் என்று எங்களைத் துரத்தியிருக்கிறார்கள். நாங்கள் கால் வைக்கக் கூடாத தண்ணீரில் டிக்கெட் வாங்கினவன் எப்படிப் போகலாம் என்று யாராவது எனக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கேள்வியை எழுத்தில் கொடுங்கள்.

ஊற்றுத்தண்ணி:
கடலை எல்லோரும் பேசிவிட்டீர்கள், நான் குடிதண்ணீரைப் பற்றிச் சொல்கிறேன், தண்ணீர்ப் பரிசோதனைதான் என் வேலை. கடலோர மணலிலும் தீவிலும் நல்ல தண்ணீர் என்பது உப்புத்தண்ணீருக்கு மேல் மிதக்கிற ஒரு படலம். கணக்கு இப்படி: கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும். மேலே ஒரு அடி உறிஞ்சினால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவிடும். ராமேஸ்வரம் தீவில் எங்கள் வீட்டுக்கு நாலு மனை தள்ளி ஒரு விடுதி போர் போட்டார்கள், இரண்டே கோடையில் எங்கள் கிணறு வாயில் வைக்க முடியாமல் போய்விட்டது, அம்மா இன்றைக்கும் குடம் விலைக்கு வாங்குகிறார். ஆகவே கொட்டகைக்குத் தண்ணீர் எங்கிருந்து என்று கேளுங்கள், லாரியில் என்றால் யார் ஊர்த் தண்ணீர் என்று கேளுங்கள். கக்கூஸ் குழி மணலில் தோண்டினால் அது கசிந்து கடலுக்குத்தான் போகும், அந்தச் சத்தில் பாசி மண்டிப் பவளத்தை மூடும்.

அப்புறம் சட்டம். 20,000 சதுர மீட்டருக்குக் குறைவான கட்டடம் 2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கட்டடப் பிரிவில் வராது, ஆகவே கருத்துக் கேட்புக் கூட்டம் நடக்கும், அங்கே பேசிக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல விதியைப் பிடியுங்கள், பவளப்பாறை, கடற்புல், ஆமை முட்டையிடும் கரை எல்லாம் அதில் முதல் வகை, அதாவது அதிகம் காக்க வேண்டிய இடம். கிராம சபையில் இப்போதே தீர்மானம் போட்டு ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்துக் கையொப்பம் வாங்கி வையுங்கள்.

வலசைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. பாசிக்காரி அக்கா, நீங்கள் கேட்டது உண்மை, எங்கள் கூட்டத்தில் ஒரு பெண்கூட இல்லை, என் அம்மாவே பாசி எடுக்கிறவர், எனக்குத் தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் சித்தப்பாவும் பார் இருக்கிற இடங்களைத் தாளில் வரைந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், பெண்கள் எந்த நாள் எங்கே இறங்குகிறார்கள் என்பதையும் அதிலேயே குறிக்கப் போகிறோம். நீங்கள் 12 நாள் என்று வைத்திருப்பது எந்தப் பக்கத்து நாட்கள், அமாவாசை பௌர்ணமி ஒட்டியா?

பாசிக்காரி:
ஆமாம் தம்பி, இரண்டையும் ஒட்டி ஆறாறு நாள். அம்மாவைக் கேளுங்கள், சரியாகச் சொல்வார்.