கட்டினோ பூங்காவின் ஏரிச் சாலைகள்: முதன்முறை ஏறுபவருக்கு எந்த வழி நல்லது?

ஸ்காபரோவாசி எழுதியது:

வணக்கம். மூன்று ஆண்டுகளாக வார இறுதிகளில் சைக்கிள் ஓடி வருகிறேன். ஆனால் அந்த ஓட்டம் அனேகமாக ஒன்ராறியோ ஏரிக்கரைப் பாதையோடு முடிந்துவிடுவதால், மேடு என்று சொல்லத்தக்க எதையும் நீண்ட நேரம் ஏறிப் பழகவில்லை. ஒரே நாளில் நான் போன மிக நீண்ட தூரம் 70 கிலோமீற்றர், அதுவும் சமதரையில்.

ஜூன் மூன்றாவது வாரம் ஒட்டாவாவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். அத்தானும் சைக்கிள் வைத்திருக்கிறார். ஆனால் அவருக்கு முழங்கால் உபாதை உண்டு. ஆற்றுக்கு அக்கரையில், கியூபெக் பக்கம் உள்ள கட்டினோ பூங்காவில் காடும் குன்றும் ஏரியும் மாறி மாறி வரும் சாலைகள் இருப்பதாகக் கேள்விப்பட்டதிலிருந்து, இரண்டு காலைப் பொழுதுகளை அதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன். முதல் நாள் நான் தனியே சாம்ப்லேன் காட்சிமேடை வரை ஏற வேண்டும். இரண்டாம் நாள் அத்தானோடு ஏதாவது ஓர் ஏரிக்கரைக்கு மெதுவாகப் போய் வர வேண்டும்.

பூங்காவுக்குள் கார் போகும் சாலை ஒன்றும், சைக்கிளுக்கென்றே தனிப்பாதை ஒன்றும் வரைபடத்தில் தெரிகின்றன. எதில் போவது? என் சைக்கிளில் முன் பல்சக்கரம் 50/34, பின்னால் 11-28 கசெட் (பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு), 28 மில்லிமீற்றர் ரயர். இந்த எண்கள் பற்களின் எண்ணிக்கை. இதை வைத்துக்கொண்டு ஏற முடியுமா, அல்லது புறப்படுவதற்கு முன் ஏதாவது மாற்ற வேண்டுமா?

ஆற்றங்கரைக் கரியல் எழுதியது:

தம்பி, தனிப்பாதையில் போக வேண்டாம், சாலையிலேயே போங்கள். முதன்முறை வருபவர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகவே நினைக்கிறார்கள். தனிப்பாதை மரநிழலில் அழகாகத்தான் போகும். ஆனால் அது ஒடுக்கமானது. திடீரென்று செங்குத்தாக இறங்கி, இறங்கிய வேகம் அடங்கும் முன்பே வளையும். வளைவுக்கு அப்பால் நாயோடு ஒருவர் நடந்து வந்துகொண்டிருப்பார். அதன் மேடுகள் சாலையின் மேடுகளை விடக் கூர்மையானவை. சாலையோ நிதானமாக ஊர்ந்து ஏறுவதற்கென்றே போட்டதுபோல இருக்கும். உண்மையில் அது இயற்கைக் காட்சிகளைப் பார்த்தபடி கார் ஓட்டுவதற்காக அமைக்கப்பட்ட பூங்காச் சாலை. 1950இல் தலைநகருக்கான திட்டத்தை வரைந்த ஜாக் கிரேபர் என்ற பிரெஞ்சு நகரமைப்பாளர் பரிந்துரைத்தவற்றில் இத்தகைய சாலைகளும் அடங்கும். கடையும் சந்தி விளக்கும் இல்லாத தார்ச்சாலை சைக்கிள்காரனுக்கு வேறெங்கே கிடைக்கும்?

நகர மையத்துக்கு மேற்கே, வில்லியம் கமாண்டா பாலத்தின் வழியாக ஆற்றைக் கடவுங்கள். அது 1880இல் கட்டப்பட்ட பழைய ரயில் பாலம். 2023 ஆகஸ்டில் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமாகத் திறக்கப்பட்டது. அக்கரையில் இறங்கியதும் ஆற்றோரப் பாதையைப் பிடித்துப் பூங்காவின் தென்முனைக்குப் போய்விடலாம். அங்கிருந்து சாலை வடக்கே ஏறத் தொடங்கும். முதலில் வருவது பிங்க் ஏரி மேடு. உங்கள் கால் எப்படிப்பட்டது என்பதை அந்த மேடு ஒளிக்காமல் சொல்லிவிடும். அதில் மூச்சு வாங்கினால் அதற்கு மேலே அவசரப்படாதீர்கள்.

பிங்க் ஏரியில் இளஞ்சிவப்பைத் தேடாதீர்கள். அங்கே குடியேறிய ஒரு குடும்பத்தின் பெயர் அது. தண்ணீரோ பாசியால் பச்சை. ஆழம் சுமார் 20 மீற்றர். மேல்நீரும் அடிநீரும் ஒருபோதும் கலப்பதில்லை என்பதால், கடைசி 7 மீற்றரில் உயிர்வளி கிடையாது. ஒட்டாவாப் பள்ளத்தாக்கை ஏறக்குறைய 12,000 ஆண்டுகளுக்கு முன் மூடியிருந்த கடல் பின்வாங்கியபோது, இந்த ஏரியில் அகப்பட்டுக்கொண்ட முதுகில் மூன்று முள் கொண்ட ஒரு சிறு மீன், தண்ணீர் மெல்ல நன்னீராக மாறியதற்கு ஏற்பத் தானும் மாறி இன்றும் அங்கே வாழ்கிறது. ஐந்து நிமிடம் சைக்கிளைச் சாத்திவிட்டுப் பார்க்க வேண்டிய இடம். குளிக்க அனுமதி இல்லை.

பிங்க் ஏரிக்கு வடக்கே சாலை பிரிந்து, ஒரு கிளை கிங்ஸ்மியர் பக்கமாகவும் மற்றொன்று ஃபோர்ச்சூன் ஏரிப் பக்கமாகவும் போய், மேலே மறுபடியும் ஒன்றுசேரும். சேர்ந்த பிறகு காட்சிமேடைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்: எத்தியேன் புரூலே, ஹூரோன், கடைசியில் சாம்ப்லேன். அதோடு சாலை முடிந்துவிடும். கனடியக் கேடயம் என்ற பழம்பாறைப் பரப்பின் விளிம்பில் நீங்கள் நிற்பீர்கள். ஏறத்தாழ 300 மீற்றர் உயரமுள்ள ஏர்ட்லிச் சரிவின் அடியில் வயல்களும் ஆறும் தட்டையாக விரிந்து கிடக்கும். ஒட்டாவா நகர மையத்திலிருந்து போய்வர மொத்தம் சுமார் 50 கிலோமீற்றர். உங்கள் 70ஐ நினைத்துக்கொண்டு இதை எளிதென்று எண்ணிவிட வேண்டாம். உருளும் குன்றுகள் என்பதால், ஏறிப் பெற்ற உயரத்தை இடையிடையே இறங்கி இழந்து மறுபடியும் ஏற வேண்டியிருக்கும்.

என் முக்கியமான யோசனை இதுதான்: முதல் தடவை சுற்றுவழி வேண்டாம். ஏறிய சாலையிலேயே திரும்பி இறங்குங்கள். மணிக்கு 10 கிலோமீற்றர் வேகத்தில் ஏறும்போது எந்த வளைவு உள்வாங்குகிறது, எங்கே பனிக்காலம் தாரைக் குறுக்காகப் பிளந்து வைத்திருக்கிறது, எந்த மரத்தடியில் ஈரம் காயாமல் கிடக்கிறது என்பதையெல்லாம் கண் தானாகப் பதிந்துகொள்ளும். அதே சாலையில் 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும்போது அந்த நினைவுதான் உங்களுக்குப் பாதுகாப்பு.

இறங்குவதற்கு முன் ஒரு மெல்லிய காற்றுத்தடுப்பு மேலங்கியைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மே மாதக் காலையில், ஏறிய வியர்வையோடு கையுறையும் இல்லாமல் நான் இறங்கி, பாதி வழியில் விரல்கள் மரத்துப்போய்ப் பிறேக்கை உள்ளங்கையால் அழுத்தி ஒருவாறு நின்றேன். ஜூனில் அவ்வளவு குளிர் இராது. ஆனாலும் அதிகாலை என்றால் மேலங்கி சட்டைப்பையில் இருக்கட்டும்.

கோவைக்காரன், கனாட்டா எழுதியது:

வழியைப் பற்றிப் பெரியவர் சொல்லிவிட்டார். நான் கியரைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் கேள்வியில் அந்தப் பகுதிக்கு இன்னும் பதில் வரவில்லை.

உங்கள் சக்கரத்தின் சுற்றளவைச் சுமார் 2.1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் 34, பின்னால் 28 பல் என்றால், மிதி ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி ஏறத்தாழ 2.55 மீட்டர் முன்னே போகும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 9.2 கிலோமீட்டர். செங்குத்தான இடத்தில் உங்களால் அந்த வேகத்தைத் தக்கவைக்க முடியாவிட்டால், சுற்று 50, 45 என்று குறைந்து, மிதி கனத்துக்கொண்டே போகும். அந்தக் கனம் முழுவதும் முழங்காலில்தான் இறங்கும். பின்னால் 32 பல் இருந்தால் அதே 60 சுற்றுக்கு மணிக்கு 8 கிலோமீட்டர் போதும். கேட்பதற்குச் சிறிய வித்தியாசம். இருபதாவது நிமிடத்தில் அது சிறியதல்ல.

ஆகவே 11-32 கசெட் மாற்றிக்கொண்டு வருவது நல்லது. ஆனால் கசெட்டை மட்டும் வாங்கி மாட்டிவிடாதீர்கள். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும், பின்னால் இருக்கும் டெரெயிலர் 32 பல்லைத் தாங்குமா என்று முதலில் பாருங்கள். சில பழைய குட்டை டெரெயிலர்கள் 28க்கு மேல் எடுக்காது. செயினின் நீளமும் போதாமல் போகலாம்: முன்னால் பெரிய பல், பின்னால் பெரிய பல் என்று தவறுதலாகப் போட்டுவிட்டால், செயின் இழுத்துக்கொண்டு டெரெயிலரையே பிய்த்துவிடும். மாற்றிய பிறகு உங்கள் ஊரிலேயே ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மலையடிவாரத்தில் நின்று திருகு சரிசெய்வது ஆகாத வேலை.

28 மில்லிமீட்டர் டயர் இந்தச் சாலைக்கு மிகவும் பொருத்தம். காற்றை மட்டும் கல்போல அடிக்காதீர்கள். குறுக்குப் பிளவுகளில் கை அதிரும்.

மேப்பிள்நிழல் எழுதியது:

சுற்றுவழி வேண்டாம் என்பதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. இரண்டு கிளைகளையும் இணைத்துச் சுற்றுவதில்தான் இந்தப் பூங்காவின் ருசியே இருக்கிறது. ஒரே காட்டை இரண்டு முறை பார்ப்பதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டுமா? ஆனால் இறக்கத்தைப் பற்றி மேலே சொன்ன நியாயம் சரியானது என்பதால், உங்களுக்கு இறக்கத்தில் பயம் உண்டா இல்லையா என்பதை வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள்.

இதைவிட முக்கியமானது நேரம். பூங்காவை நிர்வகிக்கும் தேசியத் தலைநகர ஆணையம், குறிப்பிட்ட நாட்களிலும் மணிகளிலும் பூங்காச் சாலைகளைக் கார்களுக்கு மூடி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் மட்டும் விடுகிறது. அந்த அட்டவணை ஆண்டுதோறும் மாறக்கூடியது. எனவே சென்ற ஆண்டு வந்த நண்பர் சொன்னதை நம்பாமல், ஆணையத்தின் இணையப் பக்கத்தை அந்த வாரமே பாருங்கள். கார் இல்லாத காலையில் அந்தச் சாலை வேறொரு சாலை. இலையுதிர்காலத்தில், மேப்பிள் சிவக்கும் நாட்களில் வர நேர்ந்தால் வார இறுதியைத் தவிர்த்துவிடுங்கள். ஊரே அங்கேதான் இருக்கும்.

இரண்டாம் நாளுக்கு மீச் ஏரியைச் சொல்வேன். பழைய செல்சி என்ற கிராமம் வரை காரில் சைக்கிள்களை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டால், பெரிய ஏற்றம் எதுவும் உங்கள் அத்தானின் முழங்காலைத் தேடி வராது. குடிநீர், கழிப்பறை, காப்பி எல்லாம் அந்தக் கிராமத்திலேயே முடித்துக்கொள்ளலாம். அங்கிருந்து ஏரியோரமாகப் போகும் சாலை சின்னச் சின்னதாக ஏறி இறங்கும். ஆனால் அது பூங்காச் சாலை அல்ல, வீடுகள் உள்ள சாதாரணச் சாலை. ஒடுக்கமானது, கார்கள் எப்போதும் உண்டு. வெயில் நாளில் பத்து மணிக்குப் பிறகு ஓபிரையன், பிளான்ஷே ஆகிய இரண்டு குளிக்கும் கரைகளுக்கும் கூட்டம் வரத் தொடங்கும். அதற்குள் நீங்கள் திரும்பிவிட வேண்டும். அரசியல் பேச்சில் விருப்பம் உள்ளவர் என்றால், கியூபெக்கைக் கனடிய அரசியலமைப்புக்குள் இணங்கச் செய்வதற்காக 1987இல் பிரதமர் மல்ரோனியும் மாகாண முதல்வர்களும் கண்ட உடன்பாடும், 1990இல் அது கைகூடாமல் போனதும் இந்த ஏரியின் பெயராலேயே வழங்கப்படுகின்றன என்பதை அத்தானிடம் நினைவூட்டுங்கள். திரும்பும் வரை பேச்சுக்குப் பஞ்சம் இராது.

நேரம் மிஞ்சினால் கிங்ஸ்மியரில் மெக்கன்சி கிங் தோட்டத்தையும் பார்க்கலாம். நெடுங்காலம் பிரதமராக இருந்த அவர், 1916இல் எரிந்துபோன பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் கற்களையும், குண்டுவீச்சில் சிதைந்த லண்டன் நாடாளுமன்றத்தின் கற்களையும் வரவழைத்து, காட்டுக்கு நடுவே இடிபாடுகளைப் புதிதாகக் கட்டி வைத்த மனிதர். எனக்கு அது சற்று வினோதமான ஆசையாகத்தான் படுகிறது.

ஜூனில் கொசுவும் கறுப்பு ஈயும் உண்டு. ஓடும்போது தெரியாது, ஏரிக்கரையில் நின்றவுடன் தெரியும். பூச்சிவிரட்டி இல்லாமல் வர வேண்டாம்.

ஸ்காபரோவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. கசெட்டை 32 ஆக மாற்றக் கொடுத்துவிட்டேன். என் டெரெயிலர் அதைத் தாங்கும் என்று கடைக்காரர் பார்த்துச் சொன்னார். செயின் மட்டும் புதிதாகப் போட வேண்டுமாம். முதல் நாள் ஏறிய வழியிலேயே இறங்குவதாக முடிவு செய்திருக்கிறேன். வேகமான இறக்கம் எனக்குப் பழக்கமில்லை என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை. மீச் ஏரியைப் பற்றி அத்தானிடம் சொன்னேன். அவருக்குச் சைக்கிளை விட 1987ஆம் ஆண்டைப் பற்றிப் பேசுவதில்தான் அதிக உற்சாகம்.

ஒரே ஒரு சந்தேகம்: மேலே ஏறிய பின் தண்ணீர் கிடைக்குமா?

ஆற்றங்கரைக் கரியல் எழுதியது:

கிடைக்கும் என்று நம்பி ஏற வேண்டாம். இரண்டு போத்தல்களையும் கீழேயே நிரப்பிக்கொள்ளுங்கள்; ஒன்றை ஹூரோன் மேடைக்கு முன்பே முடித்துவிடாதீர்கள்.