ஆலிவர் அந்தோணிக்கு பில்லி பிராக் பாடிய பதில் பாட்டு சரியா?

மலைக்காற்று: 2023 ஆகஸ்டில் அமெரிக்காவின் வர்ஜீனியாவைச் சேர்ந்த ஆலிவர் அந்தோணி பாடிய 'ரிச் மென் நார்த் ஆஃப் ரிச்மண்ட்' (ரிச்மண்டுக்கு வடக்கே இருக்கும் பணக்காரர்கள்) நினைவிருக்கும். நாள் முழுக்க உழைத்தும் கூலி போதவில்லை, வாஷிங்டன் பணக்காரர்கள் வரி போட்டே கொல்கிறார்கள் என்று ஒரு கிட்டாரோடு காட்டில் நின்று பாடினார். அதுவரை எந்தத் தரவரிசையிலும் பெயர் வராத ஆள், நேராக அமெரிக்கப் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100-இல் முதலிடம். அந்த மாதமே இங்கிலாந்துப் பாடகர் பில்லி பிராக், அதே சாயலில் வேறு வரிகள் போட்டு 'ரிச் மென் எர்னிங் நார்த் ஆஃப் எ மில்லியன்' (பத்து லட்சத்துக்கு மேல் சம்பாதிக்கும் பணக்காரர்கள்) என்று வெளியிட்டார். புலம்பினால் எதுவும் மாறாது, தொழிற்சங்கத்தில் சேர் என்பதுதான் சாரம். எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஒருவன் வயிறெரிந்து பாடும்போது அவன் பாட்டையே எடுத்து அவனுக்கு வகுப்பெடுப்பதா?

செங்கல்சூளை: அந்தோணியின் பாட்டை முழுசாகக் கேளுங்கள் அண்ணே. ஐந்தடி மூன்றங்குல உயரமும் 300 பவுண்டு எடையும் உள்ளவர் தின்னும் சாக்லேட் பிஸ்கட்டுக்கு என் வரிப்பணம் போகக்கூடாது என்று ஒரு வரி வருகிறது. பணக்காரனைத் திட்ட ஆரம்பித்த பாட்டு, பாதியில் கடை வரிசையில் அரசு உதவி அட்டையோடு நிற்கும் ஏழையைத் திட்டுகிறது. கூலி குறைவாகக் கொடுப்பது அந்த ஏழையா, முதலாளியா? பிராக் கேட்டது அதைத்தான்.

மலைக்காற்று: அந்த ஒரு வரியை நானும் ஆதரிக்கவில்லை. ஆனால் வட கரோலினா காகித ஆலையில் வேலை பார்த்தபோது மண்டை ஓடு உடைந்தவர் அந்தோணி. அவருக்குத் தொழிலாளி படும் பாட்டை லண்டன் பக்கத்து ஆள் சொல்லித்தர வேண்டுமா?

செங்கல்சூளை: லண்டன் பக்கத்து ஆள்தான், ஆனால் பிரிட்டனின் 1984-85 நிலக்கரிச் சுரங்க வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்களுக்காக ஊர் ஊராகப் பாடியவர். மெட்டை எடுத்து வரியை மாற்றுவது அந்த அப்பலாச்சிய மலைப் பகுதியிலேயே ஊறிய பழக்கம். 1931-இல் கென்டக்கியின் ஹார்லன் கவுண்டியில் ஷெரிஃபின் (உள்ளூர் காவல் தலைவர்) ஆட்கள் சுரங்கத் தொழிற்சங்கக்காரரான கணவரைத் தேடி வந்து வீட்டைக் குடைந்துவிட்டுப் போனபிறகு, ஃபுளோரன்ஸ் ரீஸ் சுவரில் இருந்த நாட்காட்டித் தாளைக் கிழித்து, பழைய மெட்டொன்றில் 'விச் சைட் ஆர் யூ ஆன்' (நீ எந்தப் பக்கம்) எழுதினார். 1985-இல் பிராக் அதற்கும் புது வரி எழுதிப் பாடியிருக்கிறார்.

தேன்மொழி_கே: ரீஸ் அந்த வரிகளை எழுதியது ஷெரிஃபுக்கும் சுரங்க முதலாளிக்கும் எதிராக. பிராக்கின் பாட்டு இன்னொரு தொழிலாளியைப் பார்த்துப் பேசுகிறது, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. அப்புறம், பிராக்கின் பாட்டைப் பகிர்ந்தவர்களில் பலர் அந்தோணியைக் குடியரசுக் கட்சி ஆள் என்றே பேசினார்கள். ஆகஸ்ட் 23 அன்று மில்வாக்கியில் நடந்த, அந்தக் கட்சியின் அதிபர் வேட்பாளர் போட்டியாளர்கள் விவாதத்தில் அவர் பாட்டைப் போட்டதற்கு, நான் பாடியதே மேடையில் நிற்கும் இவர்களைப் பற்றித்தான் என்று அவரே சொன்னார். அவரை எதிரியாக்கிவிட்டு எந்தச் சங்கத்தில் சேர்ப்பீர்கள்?

செங்கல்சூளை: எதிரியென்று நினைத்தால் எதற்குச் சங்கத்துக்குக் கூப்பிட வேண்டும்? பிராக்கின் வரிகளில் அந்தோணியைப் பற்றி ஒரு ஏளனமும் இல்லை. கேலி செய்தது பகிர்ந்தவர்கள்.

மலைக்காற்று: சரி, அவர்களோடுதான் என் சண்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் பிராக் முதலில் அந்தோணியிடம் பேசிவிட்டு அப்புறம் பாடியிருக்கலாம், அதில் நான் மாறமாட்டேன்.