விநியோகஸ்தரின் சேவை இலவசமா?

கணக்குப்பிள்ளை:
“விநியோகஸ்தர் மூலம் மியூச்சுவல் ஃபண்ட் வாங்கினால் ஒரு பைசா செலவில்லை, சந்தைக் கட்டுப்பாட்டாளரான செபியில் பதிவுபெற்ற ஆலோசகரிடம் போனால்தான் கட்டணம்” என்று விநியோகஸ்தரான பொருநை நேற்று எழுதியிருக்கிறார். இதைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது? விநியோகஸ்தர் வழியாக வாங்கும் ரெகுலர் திட்டத்தில், பணம் அங்கே இருக்கும்வரை அவருக்குப் போய்க்கொண்டிருக்கும் டிரெயில் கமிஷன், ஃபண்ட் நம் பணத்திலிருந்து பிடிக்கும் செலவு விகிதத்துக்குள் இருக்கிறது. தினமும் என்ஏவியில், அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பில், கழிகிறது. விநியோகஸ்தர் இல்லாமல் நேரடியாக வாங்கும் டைரக்ட் திட்டத்தைவிட ஆண்டுக்கு 1% கூடுதல் என்று வைத்தால், பத்து லட்சத்துக்குப் பத்தாயிரம் ரூபாய். இதுவா ஒரு பைசா?

பொருநை:
எழுதியதில் மாற்றமில்லை. கமிஷன் தருவது ஃபண்ட் நிறுவனம். எந்த வாடிக்கையாளரும் எனக்குக் காசோலை எழுதியதில்லை. 2009 ஆகஸ்டில் நுழைவுக் கட்டணத்தை செபி ஒழித்தது. 2018இல், விற்றவுடன் மொத்தமாகத் தரும் முன்கூட்டிய கமிஷனுக்கும் கத்தி வைத்தது. மிஞ்சிய டிரெயிலும் உங்கள் கண்ணை உறுத்துகிறதா?

கணக்குப்பிள்ளை:
ஃபண்ட் நிறுவனம் யார் பணத்தில் தருகிறது? அரையாண்டுக்கு ஒருமுறை வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையைப் பிரித்துப் பாருங்கள். விநியோகஸ்தருக்குப் போன கமிஷன் ரூபாயிலேயே அச்சாகியிருக்கும். ஒரு பைசாவா, ஐயா?

சிறுவாணி:
எஸ்ஐபி என்னும் மாதத் தவணை முதலீட்டில் இரண்டாயிரம் போடும் ஆசிரியைக்கு எந்த ஆலோசகர் கதவைத் திறக்கிறார்? ஒரு குடும்பத்திடம் ஆண்டுக்கு 1,25,000 ரூபாய் வரை நிலையான கட்டணம் வாங்கலாம் என்று 2020இல் வரம்பு வைத்தார்கள், பிறகு அதையும் உயர்த்திவிட்டார்கள். அவ்வளவு கொடுக்க எங்கள் ஊரில் ஆள் இல்லை. கேஒய்சி முடிக்கவும் நாமினி மாற்றவும் வீடு தேடி வருபவர் விநியோகஸ்தர்தான்.

வைகைக்கரை:
அது வரம்புதான், எல்லோரும் அவ்வளவு வாங்குவதில்லை. கடமையைப் பற்றி யாருமே பேசவில்லையே! செபியின் 2013 விதிமுறைப்படி ஆலோசகர் வாடிக்கையாளரின் நலனை முன்வைத்தே நடக்க வேண்டும். தன் ஆலோசனைப்படி வாங்கப்படும் திட்டத்துக்கு ஃபண்ட் நிறுவனத்திடம் கமிஷன் பெறக்கூடாது. விநியோகஸ்தர், மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியிடம் ஏஆர்என் என்ற பதிவு எண் பெற்றவர். விற்பனையை ஒட்டி ஆலோசனை சொல்லலாம், அவ்வளவுதான். 2020 முதல் ஒரே வாடிக்கையாளருக்கு இரண்டு வேலையையும் பார்க்க முடியாது.

கணக்குப்பிள்ளை:
கடமை இருக்கட்டும். முதலில் அந்த ஒரு பைசாவுக்குப் பதில் வரட்டும்.

பொருநை:
காப்பீடும் முதலீடும் கலந்த யூலிப் பற்றிய விவாதத்திலும் நீங்கள் இதையேதான் செய்தீர்கள். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மற்றவரைப் பேசவிடாமல் அடிப்பது. அன்று என்னைத் தரகன் என்றீர்கள். மறக்கவில்லை.

கணக்குப்பிள்ளை:
அன்று சொன்னதை இன்றும் சொல்வேன். கமிஷன் வாங்குங்கள், அது உங்கள் உழைப்பு. ஆனால் வாங்கிக்கொண்டே இலவசம் என்று சொல்லாதீர்கள். 2013 ஜனவரியிலிருந்து டைரக்ட் திட்டம் இருக்கிறது. அதைப் பற்றி உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேரிடம் சொன்னீர்கள்?

சிறுவாணி:
2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது டைரக்ட்டில் போட்டவர்கள் பயந்து விற்றார்கள். என் விநியோகஸ்தர் இரவு பத்து மணிக்கு அழைத்து எஸ்ஐபியை நிறுத்தாதீர்கள் என்றார். அதற்கு என்ன விலை போடுவீர்கள் அண்ணா?

கணக்குப்பிள்ளை:
விலையை நான் ஏன் போட வேண்டும்? அறிக்கையிலேயே அச்சாகியிருக்கிறது!

வைகைக்கரை:
வங்கி கவுண்ட்டரில் வைப்புநிதி கேட்டுப் போகிறவர்களிடம் காப்பீடு விற்கிறார்களே, அவர்களும் விநியோகஸ்தர்களா?

பொருநை:
வங்கிக்காரர்களையும் எங்களையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். அவர்களுக்கு மாத இலக்கு இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:
உங்களுக்கு டிரெயில் இருக்கிறது. ஒரு பைசா கேள்விக்கு இன்னும் பதில் இல்லை.

பொருநை:
பதில் சொல்லியாயிற்று. தருவது ஃபண்ட் நிறுவனம்.