ஸ்டீபன் கிங்கின் ‘ஹோலி’யைத் தொடரலாமா? படித்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. 2023இல் வந்த ‘ஹோலி’ நாவலில் பாதியில் நிற்கிறேன்.

கூட வாசிக்கும் மூன்று பேரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருத்தி இரண்டே நாளில் முடித்துவிட்டாள். பேய் பிசாசு எதுவுமில்லாமல் வெறும் மனிதர்களை வைத்தே இப்படி நடுங்க வைத்துவிட்டாரே என்கிறாள். இன்னொருவருக்கு, குற்றவாளிகள் யாரென்று தொடக்கத்திலேயே காட்டிவிட்டதில் ஏமாற்றம். மூன்றாமவர் முகக்கவசம், தடுப்பூசிப் பேச்சில் சலித்துப்போய்ப் புத்தகத்தையே மூடிவிட்டார். எனக்கு அது உறுத்தவில்லை. கதை நடப்பது 2021இல். கொரோனாவில் அம்மாவை இழந்த நாயகி, துப்பறிவாளர் ஹோலி, வேறு எதை நினைப்பாள்?

என் சிக்கல் வேறு. ஹோலி கிப்னியை எனக்கு இதற்குமுன் தெரியாது. அவள் 2014இல் வந்த ‘மிஸ்டர் மெர்சிடிஸ்’ முதலே வருகிறவள். அவளுடைய தயக்கமும் பிடிவாதமும் எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டன, அதனால்தான் அவசரப்பட்டு எதையும் தவறவிட மனமில்லை.

முந்தையவற்றைப் படிக்காமல் இதை முடித்தால் இழப்பு பெரிதா? ‘மிஸ்டர் மெர்சிடிஸ்’ மட்டும் படித்தால் போதுமா, அவள் வரும் ‘தி அவுட்சைடர்’ நாவலும் வேண்டுமா? தயவுசெய்து முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.